நாகர்கோவில் பழைய காமிக்ஸ் சந்திப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களின் தொடக்கத்தில், ஒரு கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமை, குமரி மாவட்டத்துக் காமிக்ஸ் வாசகர்கள் சிலர் நாகர்கோவிலில் கூடிப் புத்தகம் மாற்றிக்கொண்டோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச்சில் விழுந்தால் போதும், அதே கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே.

அது எங்கே நடந்தது? யார் நடத்தினார்கள்?

வடசேரி பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு டியூஷன் சென்டர் இருந்தது. ஓட்டுக் கூரை, நீள பெஞ்சுகள், ஒரு கரும்பலகை. அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்த சாருக்கு முத்து காமிக்ஸ் என்றால் உயிர். மாணவர்களுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொண்டார், அது வேறு விஷயம். "லீவுல இடம் சும்மாதான் கெடக்கு, வாங்கடே" என்று அவர் சொன்னதுதான் ஏற்பாடு. நம் பக்கத்தில் பத்துப் பேர் கூடினால் ஒரு தலைமை, ஒரு முன்னிலை, ஒரு வாழ்த்துரை, இரண்டு பொன்னாடை வந்துவிடும். அன்று மைக் கூட இல்லை. வந்தவர்கள் பையைத் திறந்து பெஞ்சில் புத்தகத்தைப் பரப்பினார்கள், நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

இப்போது நடக்கும் காமிக் கான் என்ற காமிக்ஸ் விழா மாதிரியா?

அந்தச் சொல்லையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் 1964-லேயே நியூயார்க்கில் பதின்வயதுப் பையன்கள் சேர்ந்து இப்படி ஒரு நாள் கூட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதும், இன்று லட்சக்கணக்கில் ஆள் திரளும் சான் டியாகோ விழா 1970-ல் ஒரு ஓட்டலில் முந்நூறு பேர் அளவில் தொடங்கியது என்பதும் நான் வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டவை. இந்தியாவில் காமிக் கான் டெல்லியில் 2011-ல் தொடங்கியது. சென்னைக்கு 2024-ல்தான் வந்தது. அந்த அரங்குகளுக்குப் போனால் பொம்மை, டீஷர்ட், கோப்பை எல்லாம் ஒருபாடு கிடைக்கும். புத்தகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களிடம் புத்தகத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

போன் இல்லாத காலத்தில் ஆள் எப்படிச் சேர்ந்தது?

காமிக்ஸ்களில் வாசகர் கடிதம் வெளியாகும்போது கீழே பெயரும் ஊரும் அச்சாகும். அதில் குமரி மாவட்டத்து ஊர் எதுவும் கண்ணில் பட்டால் ஒருவர் அதைக் குறித்து வைத்துக்கொண்டே இருந்தார். தக்கலைக்காரர், மின்வாரியத்தில் வேலை. வெறும் பெயரையும் ஊரையும் வைத்துக்கொண்டு 15 காசு அஞ்சலட்டை போடுவார். சின்ன ஊர்களில் தபால்காரருக்கு எல்லாரையும் தெரியும் என்பதால் பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்தன. இன்னொரு வழி பழைய புத்தகக் கடை அண்ணாச்சி. காமிக்ஸ் கேட்டு வருகிற பெரிய ஆட்களைப் பார்த்தால், "உம்மளப் போல இன்னும் நாலு பேரு இருக்கானுவ" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை விவரத்தைக் காதில் போட்டுவிடுவார். மீசை வைத்த ஆள் காமிக்ஸ் படிப்பது வெளியே சொல்லிக்கொள்கிற விஷயமாக அன்று இல்லை என்பதால் அவரும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

இப்படி வந்தவர்களில் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை உண்டு, குளச்சலில் வள்ளத்தில் போகிறவரின் மகன் உண்டு, பாலிடெக்னிக் பையன்கள் ஒரு கூட்டம், ஆரல்வாய்மொழியிலிருந்து ஓர் அப்பாவும் மகனும். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். சொல்கிற ஆளைப் பொறுத்து அந்த எண் வருடாவருடம் கூடிக்கொண்டே போகிறது.

அன்று என்னென்ன புத்தகங்கள் வந்தன?

முதலில் முத்து காமிக்ஸ். சிவகாசியிலிருந்து 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய இதழ். ரிப் கிர்பி, காரிகன், மாண்ட்ரேக், வேதாளர், ஜானி நீரோ, லாரன்ஸும் டேவிட்டும் என்று அதன் நாயகர்களை ஒப்பிக்காமல் அந்தக் கூட்டத்தில் யாரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. சொந்தப் பெயரைச் சொல்ல மறந்தவர்கள்கூட "நான் காரிகன் ஆளு" என்று சொல்ல மறக்கவில்லை.

அடுத்து லயன். அதுவும் சிவகாசிதான். 1984 ஜூலையில் மாடஸ்டி என்ற சாகச நாயகியோடு தொடங்கியது. அதே மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படித்தவர்களின் மார்க் ஷீட்டை எடுத்துப் பார்த்தால் இந்த இரண்டு இதழ்களின் பங்கு தெரியும். ராணி மாதம் இரண்டு முறை வரும், பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. அதனால் வீட்டுக்கு வீடு இருந்தது. வீட்டுக்கு வீடு இருந்ததால்தான் யாரும் பத்திரப்படுத்தவில்லை. இன்று தேடுகிறவர்களுக்கு முத்துவைவிடச் சில ராணி இதழ்கள் கிடைப்பது கஷ்டம்.

லயனின் தடித்த கோடை மலர்களும் தீபாவளி மலர்களும்தான் அன்றைக்கு ராஜா. அவற்றை வைத்திருந்தவர்கள் பெஞ்சில் பரப்பவே இல்லை. மடியில் வைத்தபடியே காட்டினார்கள். திகில், மினி லயன் இதழ்களும் கொஞ்சம் வந்தன. வாண்டுமாமாவின் சிறுவர் இதழ் பூந்தளிர் ஒரு கட்டு இருந்தது. ஆங்கிலத்திலும் தமிழிலுமாக இந்திரஜால் காமிக்ஸ் சில. அமர் சித்திரக் கதைகளும் இருந்தன, ஆனால் அவற்றைப் பெற்றோர்களே விரும்பி வாங்கிக் கொடுத்ததால் எங்களுக்குள் அவ்வளவு மரியாதை இல்லை. அநியாயம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தோம்.

இதில் எதிலும் சேராத ஒன்றை ஆரல்வாய்மொழி அப்பா கொண்டுவந்திருந்தார். தினத்தந்தி கன்னித்தீவை நாள் தவறாமல் வெட்டி, நோட்டுப் புத்தகங்களில் மைதாப் பசையால் ஒட்டி, வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். மாற்றுவதற்காக அவர் அதைக் கொண்டுவரவில்லை, காட்டத்தான். மதியச் சாப்பாடுவரை அந்த பெஞ்சைச் சுற்றி இடம் கிடைக்கவில்லை.

மலையாளப் புத்தகங்களும் வந்தனவாமே?

ஆமாம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இரண்டு மொழியும் வாசிக்கிற வீடுகள் ஏராளம். மார்த்தாண்டத்துப் பையன்கள் பூம்பாட்டா, பாலரமா எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு வேடிக்கை. பூந்தளிரை வெளியிட்ட பைகோ நிறுவனம் கொச்சிக்காரர்களுடையது, பூம்பாட்டாவும் ஒரு காலத்தில் அவர்களிடம்தான் இருந்தது. அதனால் நாகர்கோவில் பையனும் மார்த்தாண்டத்துப் பையனும் தனித்தனி மொழியில் ஒரே கபீஷ் குரங்கின் கதையைப் படித்து வளர்ந்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது படம் ஒன்று, பலூனுக்குள் எழுத்து வேறு. அன்று முழுக்க அதைப் பற்றியே பேச்சு.

மலையாளம் வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் களியக்காவிளைக்காரர் ஒருவர் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, பலூன் பலூனாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சில். பாலரமாவின் குட்டிப் பிசாசு லுட்டாப்பி தன் குந்தத்தில், அதாவது ஈட்டியில், ஏறிப் பறந்துகொண்டே "சவத்த எங்க போச்சு?" என்று கேட்டான். இன்றுவரை லுட்டாப்பியின் குரல் எனக்கு அதுதான். மலையாள மனோரமா வாரிகையின், அதாவது வார இதழின், கடைசிப் பக்கத்தில் வந்த போபனும் மோளியும் கார்ட்டூனைக் கத்தரித்துச் சேர்த்தவர் ஒருவரும் வந்திருந்தார். அந்த வாரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருந்தது.

விலை எப்படி வைத்தீர்கள்?

காசு கைமாறக் கூடாது என்பது சார் கரும்பலகையில் எழுதிய ஒரே விதி. ஒன்றுக்கு ஒன்று. தடித்த மலர் என்றால் மூன்று சாதாரண இதழ். அட்டை இல்லாதது அரை. கடைசிப் பக்கம் இல்லாதது கணக்கிலேயே வராது. காசு வந்திருந்தால் குளச்சல் பையன் வாசலிலேயே திரும்பியிருப்பான். காசு இல்லாததால் மாலையில் அவன் பைதான் பெரிதாக இருந்தது. அவனுக்குப் பேரம் பேசத் தெரியும்.

கொஞ்சம் குழப்பமும் உண்டு. ஒருவர் "மாயாவி தாறேன், மாயாவி தா" என்று பேசி முடித்து உறையைப் பிரித்தால், ஒருவர் கொடுத்தது முத்துவின் இரும்புக்கை மாயாவி, மற்றவர் கொடுத்தது ராணியின் முகமூடி மாயாவி, அதாவது மற்றவர்களின் வேதாளர். போதாததற்கு பாலரமாவில் மாயாவி என்று ஒரு குட்டிச்சாத்தான் வேறு. மூன்றையும் கரும்பலகையில் எழுதி விளக்க வேண்டியதாயிற்று.

கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்களை என்ன செய்தீர்கள்?

நல்ல கேள்வி, யாரும் அதிகம் கேட்பதில்லை. எல்லாரிடமும் அப்படி இரண்டு மூன்று இருந்தன. மளிகைக்கடைப் பொட்டலத்துக்குப் போனது, தம்பி கிழித்தது, வாடகை நூலகத்தில் வேண்டுமென்றே யாரோ உருவியது. கதையின் முடிவு தெரியாமல் வருடக்கணக்கில் கிடந்தவை. மதியத்துக்கு மேல் ஒருவர் தன் புத்தகத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, "இதுக்கு முடிவு தெரிஞ்சவங்க உண்டா?" என்று கேட்டார். அறையின் மறுமுனையிலிருந்து பதில் வந்தது. அப்புறம் ஆளாளுக்குத் தொடங்கிவிட்டார்கள். கணக்குப்பிள்ளைக்கு ரிப் கிர்பி கதை ஒன்றில் கொலைகாரன் யார் என்று பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியாது. தக்கலைக்காரர் சொன்னதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தனக்குத் தோன்றிய முடிவுதான் சரி என்று வாதாடினார். கேட்டவரைக்கும் எனக்கும் அவர் முடிவுதான் பிடித்திருந்தது.

இரும்புக்கை மாயாவிக்கு ஏன் அத்தனை மவுசு?

தெரியாதவர்களுக்காக: லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளர், விபத்தில் கை போய் இரும்புக் கை பொருத்தியவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். பிரிட்டனின் வேலியண்ட் இதழில் 1962-ல் தொடங்கிய தொடர், ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் நிழலுக்கு இருக்கிற இடம் அபாரம். சிவகாசி அச்சில் கொஞ்சம் மை கூடுதலாக ஏறி, இன்னும் இருட்டாகத் தெரியும். எனக்கு அதுதான் அழகு. பிறகு வெள்ளைத் தாளில் பளிச்சென்று வந்த மறுபதிப்புகளில் கோடுகள் தெளிவு, ஆனால் பயம் போய்விட்டது. தினமும் மின்வெட்டு பழகிய நம் வீடுகளில், ஷாக் அடித்தால் மறைந்துவிடுகிற ஆளின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை வந்ததில் அதிசயமும் இல்லை. சுவிட்ச் போர்டுப் பக்கம் போய் அடி வாங்கியவர்கள் அன்றே கை தூக்கினார்கள்.

யாராவது வேடம் போட்டு வந்தார்களா?

பாலிடெக்னிக் பையன் ஒருவன் வலது கையில் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிக்கொண்டு வந்தான். சாயா குடிக்கும்போது கழன்றுவிட்டது.

பெண்கள் வந்தார்களா?

வரவில்லை. அது அந்தச் சந்திப்பின் பெரிய குறை, இதில் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் அக்கா என்னைவிட அதிகம் படித்தவள். மாடஸ்டி கதைகளை எனக்கு அறிமுகப்படுத்தியதே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி முன்பின் தெரியாத ஆண்கள் கூடுகிற இடத்துக்குப் போக வீட்டில் விடவில்லை. என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தனுப்பினாள். அந்தப் பட்டியலில் இருந்த நாலைந்து புத்தகங்களைப் பார்த்து சாரே, "இது யாருடே, நல்ல ரசனையா இருக்கே?" என்று கேட்டார்.

சாப்பாடு?

சாயாவும் ஏத்தன்பழ பஜ்ஜியும் பக்கத்துக் கடையிலிருந்து. ரசவடை தருவித்த யோசனை யாருடையது என்று தெரியவில்லை. ரசத்தில் ஊறின வடையைக் கையில் வைத்துக்கொண்டு காமிக்ஸ் புரட்ட முடியாது. "கை கழுவாம புக்க தொடாதீங்கடே" என்று சார் கத்தியது அன்றைக்கு அதிகம் கேட்ட வசனம்.

சண்டை உண்டா?

லயன் நாயகர்களில் ஸ்பைடரா ஆர்ச்சியா என்று ஒரு சண்டை. லயன் உயர்ந்ததா ராணி போதுமா என்று இன்னொரு சண்டை. அதில் யாரும் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை, மழை வந்ததும் சண்டை நின்றது. மே மாதக் கோடை மழை, இடியோடு. கரண்ட் போய்விட்டது. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகியது. ஒரு நிமிடத்தில் அத்தனை பெஞ்சும் நடுவுக்கு வந்துவிட்டன. அரைமணி நேரம் இருட்டில் எல்லாரும் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். இதுவரை பேசாமல் இருந்தவர்கள் அப்போதுதான் பேசினார்கள். குளச்சல் பையன் கடலில் விளக்கணைத்துப் போகிற ராத்திரிகளைப் பற்றிச் சொன்னான், காமிக்ஸ் கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று.

கரண்ட் வந்தபோது ஒரு தீபாவளி மலரைக் காணோம். தேடினோம், கிடைக்கவில்லை. எடுத்தவர் இதைப் படித்தால், பரவாயில்லை, முழுசாகப் படித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மறுபடி ஏன் தொடரவில்லை?

இரண்டு மூன்று முறை சின்னதாக நடந்தது. அப்புறம் பாலிடெக்னிக் பையன்கள் வளைகுடாவுக்குப் போனார்கள், சார் தன் மகள் வீட்டோடு வெளியூர் போய்விட்டார், வீடுகளில் கேபிள் டிவி வந்தது. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. முத்துவும் லயனும் வருகிறதா இல்லையா என்று தெரியாமல் சில வருடங்கள் ஓடின. 2012-ல் அவை வண்ணத்தில், நல்ல தாளில் திரும்பி வந்தபோது பழைய ஆட்களில் சிலரைத் தேடிப் பிடித்தேன். தக்கலைக்காரர் அந்த முகவரி நோட்டை இன்னும் வைத்திருந்தார்.

வீட்டில் பழைய காமிக்ஸ் கிடக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

நம் மாவட்டம் புத்தகத்துக்கு எதிரி. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, மூன்று பக்கமும் கடல்காற்று. பழைய காமிக்ஸ் அச்சானதோ மலிவான நியூஸ்பிரிண்ட் தாளில். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், தாள் ஒடியும். இதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம்.

முதலில் துருப்பிடித்த பின்களைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். துரு பின்னோடு நிற்காது, தாளைத் தின்னும். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் உதிர்ந்து பசை மட்டும் மஞ்சள் கறையாக நிற்கும். லேமினேஷன் செய்தால் அது இனிப் புத்தகம் ஆகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பரணில் வைக்காதீர்கள், ஓட்டுச் சூடும் ஒழுகலும் சேர்ந்து கெடுக்கும். சுவரை ஒட்டாத அலமாரியில் சின்னக் கட்டுகளாகப் படுக்கை வசத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் வெயிலில் காயப்போடாமல் நிழலில் காற்றாட விரியுங்கள். பூச்சிக்கு வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ துணியில் முடிந்து வைக்கலாம். மைதாப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அந்தக் கன்னித்தீவு நோட்டுகளில் பாதியை அதுதான் முடித்துவிட்டது என்று ஆரல்வாய்மொழி மகன் பிறகு சொன்னான்.

என்ன விலைக்குப் போகும்?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்காதது, ஆனால் அதிகம் வருவதும் இதுதான். அட்டை, கடைசிப் பக்கம், நடுப்பக்கம் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இரும்புக்கை மாயாவி கதைகள் பல முறை மறுபதிப்பாக வந்திருக்கின்றன. எனவே தாத்தா வாங்கியது என்பதற்காக முதல் பதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே அச்சிட்ட மாதம், வருடம், விலையைப் பாருங்கள். சரியான பிரதிக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கியதை உறையில் போட்டு மூடி, பிரிக்கவே பிரிக்காமல் வைத்திருக்கிறவர்களோடு எனக்குப் பேச்சு வளராது.

இன்று புதிதாகத் தொடங்க எங்கே போவது?

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போது லயன்-முத்து வாசகர்கள் அங்கே கூடுவது வழக்கமாகிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் போகலாம். நரைத்த ஆட்கள் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லருக்காகத் தொண்டை கிழியப் பேசுவதைப் பார்க்கவே போகலாம். புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சிரிப்புக் கௌபாய் லக்கி லூக்கைத்தான் கையில் கொடுப்பேன். சிரித்துவிட்டால் அடுத்ததைத் தானே கேட்பார்கள்.

உங்கள் புத்தகங்களில் எதையாவது இரவல் தருவீர்களா?

இரவல் கிடையாது. மாற்று உண்டு, அன்றைய விதிப்படியே. எனக்குத் திகிலின் 1986-ம் வருட இதழ்களில் சில குறைகின்றன, அக்காவின் பட்டியலிலும் இரண்டு இன்னும் பாக்கி. கொண்டுவந்தால் உட்கார்ந்து பேசலாம். அட்டை இல்லாதது அரைதான்.